சேறு ஒட்டிய ஓடுகள்

1

இந்தக் கதை ஒரு பிஸ்கட் உறையில் தொடங்கியது. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பிஸ்கட்’ என்று அச்சடித்திருப்பார்கள் அல்லவா, அந்தச் சொல்லின் கடைசி எழுத்தில். ஏதோ வித்தை காட்டப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை, அவ்வளவுதான். அதிர்ச்சி வந்தால் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், யாரையாவது கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் எழுத உட்கார்ந்துவிடுகிறேன். உருப்படியாக உனக்கு வேறென்ன தெரியும் என்று என் அக்கா கேட்பாள்.

அந்த அக்காதான் கதையின் நாயகி. கடலடிச் சேற்றை எடுத்து, அதில் புதைந்துகிடக்கும் மிதவை உயிரிகளின் ஓடுகளைப் பொறுக்கி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் எப்படி இருந்தது என்று சொல்வது அவள் தொழில். வீட்டில் அவளுக்குச் ‘சேத்துராணி’ என்று பெயர். வைத்தவள் நான்தான்.

இதுவரை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

“கடல் எதையும் மறப்பதில்லை. அதன் அடியில் ஒவ்வொரு...” (அடித்துவிட்டேன். கடலுக்கு ஞாபகசக்தி இருப்பதாக எழுதுகிறவர்களைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது.)

“அவள் திரையிலிருந்து என் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில்...” (முகத்தில் என்ன இருந்தது என்று எழுத வரவில்லை. நாற்பது வருடமாகப் பார்த்துப் பழகிய முகம். அன்றைக்கு அது யாருடைய முகமோ போல இருந்தது.)

“என் அத்தான் நல்ல மனிதர்.” (இதை அடிக்கவில்லை. அடிக்க மனம் வரவில்லை. ஆனால் இதை வைத்துக் கதையைத் தொடங்கவும் தைரியம் வரவில்லை.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடந்தபடி என்று ஒரு எழுத்தாளர் சொன்னால் எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்கள்.

2

வேறொரு கதைக்காகத்தான் நான் அக்காவின் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். தனிமையில் வாழும் ஒரு பெண், உருப்பெருக்கிக்குள் பார்த்தபடியே காதலிக்கிறாள் என்று ஒரு கதை. கொஞ்சம் அசட்டுக் கதைதான். அதற்கு இரண்டு பத்தி தொழில்நுட்பம் தேவைப்பட்டது.

“ரெண்டு பத்திக்கு என் அரை நாளா?” என்றாள் அக்கா.

“பிஸ்கட் வாங்கிட்டு வரேன்.”

“அப்ப வா.”

அந்த அறை எப்போதும் ஈரத்துணி வாசம் அடிக்கும். சுவரோரம் குளிர்ப்பெட்டிகள். அவற்றுக்குள் நீளவாக்கில் பிளந்த குழாய்களில் சேறு. நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, குழாயைக் கடலடியில் குத்தி இறக்கி, உள்ளே ஏறிய சேற்றோடு மேலே இழுப்பார்கள். குழாயின் மேல் நுனியில் இருப்பது நேற்றைய சேறு. கீழே போகப்போகப் பழையது. அக்கா அதில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சல்லடையில் கழுவி, உலர்த்துவாள். கடைசியில் மிஞ்சுவது ஒரு சிட்டிகை வெள்ளை மணல். அதை உருப்பெருக்கியின் கீழே வைத்தால் மணல் காணாமல் போய்விடும். அத்தனையும் ஓடுகள். ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் கடலின் மேல்பரப்பில் மிதந்துகொண்டிருந்த ஓர் உயிர். ஒரே ஒரு செல், அதற்கொரு சுண்ணாம்பு வீடு. செத்ததும் வீடு மட்டும் கீழே இறங்கிவிடும்.

நாலைந்து மயிர் மட்டுமே உள்ள ஒரு தூரிகையை நாக்கில் நனைத்து, அக்கா அந்த ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பாள். ‘தூரிகையை நாக்கில் வைக்காதீர்கள்’ என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பவளும் அவளே.

“இதுல ஒரு ஜாதி இருக்கு,” என்றாள். “சங்குல வலம்புரி, இடம்புரின்னு சொல்றோம் பாரு, அதே மாதிரி இதுவும் சுத்திச் சுத்தி வளரும். தண்ணி குளிரா இருந்தா பெரும்பாலும் இடப்பக்கம் சுத்தினதுதான் இருக்கும். வெதுவெதுன்னு இருந்தா வலப்பக்கம். எத்தனை இடம், எத்தனை வலம்னு எண்ணினா, அன்னைக்குக் கடல் குளிரா வெதுவெதுப்பான்னு சொல்லிடலாம்.”

“அவ்வளவுதானா உன் படிப்பு? இடது எது வலது எதுன்னு தெரிஞ்சா போதுமா?”

“போதும். உனக்கு அதுவே தெரியாது. வண்டி ஓட்டும்போது பார்த்திருக்கேன்.”

நான் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, ஒரே ஒரு ஓட்டைப் பார்த்து, பிஸ்கட் உறையின் மேலேயே பேனாவால் வரைந்தேன். (தாள் கொண்டுபோக மறந்திருந்தேன். என் கதைகளில் வரும் எழுத்தாளர்கள் மறக்க மாட்டார்கள்.) குண்டாக நாலு அறைகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறிச் சுற்றின மாதிரி. வரைந்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, பக்கத்திலிருந்த கணினித் திரையைப் பார்த்தேன். உருப்பெருக்கியின் தலையில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைத் திரையிலும் காட்டும்.

“அக்கா, இது வேற ஓடா?”

“அதே ஓடுதான்.”

“நான் வரைஞ்சது இந்தப் பக்கம் சுத்துது. திரையில அந்தப் பக்கம் சுத்துது.”

3

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதாமல் விட முடியாது. அதன் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

“குப்புறக் கிடந்தா எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரி தெரியும்டி. முதுகுப் பக்கம் பார்த்துத்தான் சொல்லணும். புதுசா வர்றவங்க எல்லாரும் இதைக் கேட்பாங்க.”

“குப்புறப் போட்டது யாரு? நான் தொடவே இல்லையே.”

சிரிப்பு மெதுவாக நின்றது. அவள் குனிந்து கண்ணால் பார்த்தாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். திரும்பவும் குனிந்தாள். பிறகு என் கையிலிருந்த பிஸ்கட் உறையைப் பிடுங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒரு துண்டைக் கிழித்து, ஓட்டுக்குப் பதிலாக அதை உள்ளே வைத்தாள்.

திரையில் ‘ட்’ தெரிந்தது. நேராகத்தான் நின்றது. தலைகீழாக இல்லை. ஆனால் செங்குத்துக்கோடு வலப்பக்கம் இருந்தது. கண்ணாடியில் பார்த்த ‘ட்’.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அக்காவின் கையைத்தான் பார்த்தேன். நாலு மயிர்த் தூரிகையால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நடுங்காமல் தூக்கும் கை அது. மேசை விளிம்பைப் பிடிக்கப் போய், பிடிக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது.

(இந்த இடத்தில் ஒரு விளக்கம். எழுத்தாளர்கள் இதை அடிக்குறிப்பில் போடுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கேமராவை மாட்டிய நாளில் படம் தலைகீழாக வந்திருக்கிறது. சரிசெய்ய இரண்டு வழி உண்டு. படத்தை அப்படியே அரைச்சுற்று சுற்றிவிடலாம். அல்லது கணினியில் மேலைக் கீழாக்கும் கட்டத்தில் ஒரு குறி போடலாம். முதலாவதைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். இரண்டாவதைச் செய்தால் தலை மேலே வந்துவிடும், இடமும் வலமும் மாறிவிடும். யாரோ இரண்டாவதைச் செய்திருக்கிறார்கள். அங்கே யாரும் எழுத்தைப் படம் பிடிப்பதில்லை. ஓடு உருண்டை. அதற்கு மேல் கீழ் கிடையாது. ஆகவே யாருக்கும் தெரியவில்லை.)

“நீ கண்ணால பார்த்து எண்ணலையா?” என்று கேட்டேன்.

“பொறுக்குறதுதான் கண்ணால. எண்ணுறது படம் எடுத்துத் திரையில.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “கழுத்து வலிக்குதுன்னு நான்தான்டி அந்தக் கேமராவையே கேட்டு வாங்கினேன்.”

4

எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அக்காவைப் பெரியவளாக்கியது ஒரே ஒரு குழாய்ச் சேறு. அந்தக் கடல் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குளிர்ந்து கிடந்தது, பிறகு ஒரு மனிதர் பிறந்து கிழவராகிற காலத்துக்குள் சடாரென்று வெதுவெதுப்பானது என்று அவள் நிரூபித்தாள். கீழ்ச்சேற்றில் எல்லாம் இடம், மேல்சேற்றில் எல்லாம் வலம். கடல் இவ்வளவு வேகமாகச் சூடாகுமா என்று பலரும் வாயைப் பிளந்தார்கள். வருங்காலக் கடலைக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் இன்று வரை அந்தக் குழாயைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அக்காவுக்குத் தனி அறை கிடைத்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், “என் பொண்ணு கடலுக்கே காய்ச்சல் பார்த்தவ,” என்று சொன்னாள்.

இடம் வலமானால், கடல் வெதுவெதுப்பாக இருந்து குளிர்ந்திருக்கிறது. கதை தலைகீழ்.

“இரு, இரு, இரு,” என்றாள் அக்கா திடீரென்று. முகத்தில் ரத்தம் திரும்பியது. “இருக்கவே முடியாது. இந்தக் குறியை யாரோ போன வாரம் மாத்தியிருக்கணும். நாங்க எண்ணின காலத்துல சரியாத்தான் இருந்திருக்கும்.”

“எப்படிச் சொல்றே?”

“உங்க அத்தான் கணக்கு இருக்கே! அவரு கேமராவே பார்க்கல. ஓட்டை அமிலத்துல கரைச்சு, அதுல மக்னீசியம் எவ்வளவுன்னு அளந்தாரு. தண்ணி சூடா இருந்தா ஓட்டுல மக்னீசியம் கூட இருக்கும். அது வேற வழி, வேற மெஷின். ரெண்டும் ஒண்ணா வந்துச்சுடி. ரெண்டும் ஒண்ணா வந்ததாலதான் எல்லாரும் நம்பினாங்க.”

எனக்கும் உயிர் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக் கடித்தோம். கல்யாண வீட்டைச் சாவு வீடென்று நினைத்து அழுதவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தோம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக, அந்தப் பழைய ஓடுகளையே எடுத்துவந்தாள். எண்ணிய ஓடுகளைக் கறுப்புத் தட்டுகளில் ஒட்டி வைத்திருப்பார்கள். பழைய படத்தைத் திரையில் போட்டாள். அதே தட்டைக் கண்ணுக்குக் கீழே வைத்தாள்.

படத்தில் இடம். கண்ணுக்கு வலம்.

அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. எல்லாம் அப்படித்தான்.

அக்கா வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டாள்.

“அப்புறம் எப்படிடி அவரோட கணக்கு என்னோடதுக்குப் பொருந்துச்சு?”

5

இனி அத்தானைப் பற்றி எழுத வேண்டும். எழுதப் பயமாக இருக்கிறது.

(ஒரு பாத்திரமாக அவர் எனக்குத் திருப்தியாக அமையவே இல்லை. ரொம்ப நல்லவராக வந்துவிடுகிறார். பொட்டலம் கட்டிய நூலைக்கூடச் சுருட்டி வைப்பவர். கோபம் வந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளர் என்ன செய்ய முடியும்? அவருக்கு ஒரு குறை இருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்ததுண்டு. நினைத்ததற்கு இப்படியா கிடைக்க வேண்டும்?)

அந்தக் கண்டுபிடிப்பு வெளிவந்த மறு வருடமே அவர் ஆய்வை விட்டுவிட்டார். “போரடிச்சிடுச்சு,” என்றார். இப்போது குடிநீர் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊருக்குப் போகும் தண்ணீரை அளந்து, குடிக்கலாம் என்று கையெழுத்துப் போடுவார். நான் எழுதுகிற எல்லாக் கதைகளையும் அச்சுக்குப் போகும் முன் பச்சைப் பேனாவால் பிழை திருத்துவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மேசைக்கு வந்து, இருக்கிற தாள்களை எடுத்துக்கொண்டு போவார். ஆகவே, நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கதைக்கும் முதல் வாசகர் அவர்தான். இந்தத் தொல்லையை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது.

“அப்ப அவரு அடிக்கடி வருவாரு. ‘கீழ்ச்சேத்துலேர்ந்து இன்னும் கொஞ்சம் ஓடு பொறுக்கிக் குடும்மா’ம்பாரு. ஏன், குடுத்ததெல்லாம் என்ன ஆச்சுன்னு கேட்பேன். ‘சேறு ஒட்டியிருந்துச்சு, மக்னீசியம் கூடக் காட்டுது, தள்ளிட்டேன்’ம்பாரு. சேறு ஒட்டினா நிஜமாவே கூடக் காட்டும்டி. அது எல்லாருக்கும் தெரியும். நான் மறுபடி பொறுக்குவேன். மறுபடி வருவாரு. மேல்சேத்து ஓட்டுக்கும் அப்படித்தான். ‘ஓடு கொஞ்சம் கரைஞ்சிருக்கு, குறைச்சுக் காட்டுது, வேற குடு’ம்பாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. என் புருஷன் எவ்வளவு சுத்தமா வேலை செய்யறாருன்னு. அத்தனை ஓடு பொறுக்கிக் குடுத்தேன்டி நான். அத்தனை ஓடு.”

ஒவ்வொரு முறை அவர் வந்து நின்றபோதும், அவருடைய அளவு அவளுடைய எண்ணிக்கைக்கு எதிராக வந்திருக்கிறது. கீழே அதிகம் வந்தால் சேறு. மேலே குறைவாக வந்தால் கரைந்த ஓடு. பொருந்தாததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, பொருந்துவது மட்டும் மிஞ்சும் வரை கேட்டு வாங்கியிருக்கிறார்.

அவர் இயந்திரம் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

“தெரிஞ்சே செஞ்சிருப்பாரா?” என்றேன்.

அக்கா பளாரென்று என்னை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அப்படிப் பார்த்தாள். பிறகு அவளே, “தெரியலடி,” என்றாள்.

6

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் செய்ததைத்தான் நான் தினமும் செய்கிறேன். கதைக்குப் பொருந்தாத வாக்கியம் வந்தால் தூக்கிவிடுகிறேன். என் நாயகி கருமி என்று முடிவுசெய்துவிட்டால், அவள் யாருக்கோ குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்த நாளை எழுத மாட்டேன். கேட்டால், கதைக் கட்டுக்கோப்பு என்பேன். கூட்டத்தில் அதைப் பாராட்டிச் சால்வை போடுவார்கள். எனக்கு அது திறமை. அவருக்கு அது

(அடுத்த சொல் வரவில்லை. ‘மோசடி’ என்று எழுதி அடித்தேன். ‘தவறு’ என்று எழுதி அடித்தேன். ‘அன்பு’ என்று எழுதினேன், எனக்கே எரிச்சலாக வந்தது.)

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா உண்மையைச் சொல்ல வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பொய்யான கடலை நம்பி ஊரே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவள் குற்றம் வெறும் பிழை. கேமரா ஏமாற்றியது என்று சொன்னால் கொஞ்ச நாள் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். ஆனால் அவள் வாயைத் திறந்த மறுநொடி, எதிரில் இருப்பவர் கேட்கப்போகும் கேள்வி நமக்குத் தெரியும். அப்படியானால் உங்கள் கணவரின் அளவு எப்படிப் பொருந்தியது? அதற்குப் பதில் சொன்னால், அளந்ததை மறைத்தவர் என்று அவருக்குப் பெயர் வரும். அப்படிப்பட்டவர் ஊர் குடிக்கும் தண்ணீருக்குக் கையெழுத்துப் போட விடுவார்களா?

சேறு இன்னும் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. திரும்ப அளந்தால் கடலைப் பற்றிய உண்மை தெரிந்துவிடும். அத்தானைப் பற்றிய உண்மை தெரியாது. அவர் தள்ளிய ஓடுகளில் நிஜமாகவே சேறு இருந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. அளப்பதற்காக அமிலத்தில் கரைத்தவை அவை. கரைந்தது கரைந்ததுதான்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ. அக்கா ஒன்றும் சொல்லாமல் கேமராவை மட்டும் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அத்தான் டீ போட்டுக் கொடுக்கிறார். அவள் குடிக்கிறாள். முடிந்தது. (நவீனமாக இருக்கிறது. பத்திரிகையில் உடனே போட்டுவிடுவார்கள். ஆனால் என் அக்காவால் முடியாது. நான்கு நாளாக அவள் தூங்கவில்லை. டீயும் ஆறிப்போகிறது.)

ஆ. அத்தானுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவள் பெயர் கெடக்கூடாது என்று மறைத்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (சீ.)

இ. அக்கா அத்தானிடம் நேரே கேட்கிறாள். அவர்

இங்கேதான் நின்றுவிட்டேன். அக்காவும் இங்கேதான் நின்றிருக்கிறாள். நேற்று மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கேட்டா என்ன சொல்வாரோன்னு பயமா இல்லடி. என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேனோன்னு பயமா இருக்கு,” என்றாள். நான் அவளைவிட மோசம். அவள் எப்போது கேட்பாள், எனக்கு எப்போது கதை முடியும் என்று ஒரு மூலையில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இதையெல்லாம் எழுதித் தொலைச்சுடாதே,” என்றாள்.

“சே, எழுதுவேனா?”

8

இது வரைக்கும் எழுதிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். அரைமணி நேரம்கூட இருக்காது. இறங்கி வந்தால் மேசை காலியாக இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மறந்தே போய்விட்டேன்.

துணிக்கட்டோடு அப்படியே அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். எதிர்வீடுதான். அத்தான் ஜன்னலோரம் நின்றபடி கடைசித் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். காதில் பச்சைப் பேனா.

“அத்தான், அது வந்து... சும்மா கதை...”

“ஐந்தாம் பகுதியில ஒரு பிழை,” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “போரடிச்சிடுச்சுன்னு நான் சொல்லல. முடியலன்னு சொன்னேன். நீங்க ரெண்டு பேரும்தான் போரடிச்சிடுச்சுன்னு எடுத்துக்கிட்டீங்க.”

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். என் கையில் துணிக்கட்டு, அவர் கையில் தாள்கள், என் முகம். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“நிஜமாவே சேறு இருந்துச்சாங்க?”

அத்தான் தாள்களை ஓரம் பார்த்து அடுக்கினார். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

“இருந்துச்சு. கண்ணால பார்த்தேன்.”

“எல்லாத்துலயுமா?”

“நீ எண்ணினது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. அளவு எதிரா வரும். அப்ப ஓட்டுல ஏதோ கோளாறுன்னு, அதே தொகுதியில மிச்சமிருக்கிற ஓட்டை எடுத்துப் பார்ப்பேன். பார்த்தா சேறு தெரியும். தெரியிற வரைக்கும் பார்ப்பேன். உன் வேலை முடிஞ்சதும் வேறொருத்தரோட ஓடு அளக்க வந்துச்சு. அதுல அளவு இப்படித்தான் வரணும்னு அவங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அதுலயும் எனக்குச் சேறு தெரிஞ்சுது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுத்தமா இருக்கேன்னாரு. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்கப்புறம் என் கண்ணை நான் நம்பல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உன்னோடதும் தப்பா இருக்குமோன்னு நினைக்கவே பயமா இருந்துச்சு. நினைக்காம இருந்துட்டேன்.”

அக்கா சுவரில் சாய்ந்தாள். நான் துணிக்கட்டைக் கீழே வைத்தேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் செருப்புகளின் மேலேயே வைத்தேன். அவர் சொன்னதை நான் நம்பினேனா? நம்பினேன். அந்த நிமிஷம் நம்பினேன். ஆனால் என்னால் எழுத முடியாமல் நின்ற ‘இ’ முடிவுக்கு இதைவிட நன்றாகப் பொருந்தும் பதில் கிடைக்காது என்றும் தோன்றியது. அது தோன்றியதும் எனக்கு என்மேலேயே பயம் வந்தது.

அக்கா என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதவும் மாட்டேன். அவள் மேசைமேலிருந்த போனை எடுத்தாள்.

“யாருக்கு?” என்றார் அத்தான்.

“பெரியவருக்கு.” பெரியவர் என்றால் ஆய்வுக்கூடத்தின் தலைவர்.

அத்தான் தடுக்கவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்து மூடி, தாள்களின் மேல் வைத்தார். “என்னையும் சேர்த்துச் சொல்லு,” என்றார்.

“நீங்க சும்மா இருங்க.”

மணி அடிக்கும் சத்தம் எங்கள் மூவருக்குமே கேட்டது. பிறகு அந்தப் பக்கம் எடுத்தார்கள். “சொல்லும்மா, ஞாயித்துக்கிழமை கூடவா?” என்று பெரியவர் சிரிப்பது நன்றாகவே கேட்டது.

இத்தோடு நிறுத்துகிறேன். அக்கா சொல்வதற்கென்று என்னிடம் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் அவள் தப்பிப்பாள். ஒன்றைச் சொன்னால் அவர் தப்பிப்பார். ஒன்றைச் சொன்னால் கடல் மட்டும் தப்பிக்கும். மூன்றையும் காப்பாற்றும் ஒரு வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. இத்தனை வருடம் எழுதியும் முடியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், பெரியவர் லைனில் இருக்கிறார்.